ஐஸ் அத்தை திரும்பப் பெற்ற கட்டுரை

என் கணவரின் அக்காவை எங்கள் மகள் ஐஸ் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். சின்னவளாக இருந்தபோது ஒரு நாள் அவருடைய ஆய்வுக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்து, "அத்தைக்கு ஐஸ் தூக்குறதுதான் வேலை" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பொய் இல்லை. இரத்தமோ, எலியின் மண்ணீரலோ, எதுவானாலும் ஐஸ் நிரப்பிய வாளியில் செருகி வைத்துத்தான் அவர் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடப்பார். பெயர் ஒட்டிக்கொண்டது. ஆய்வு நிலையத்தில் உடன் வேலை செய்தவர்களின் காதுக்கும் எட்டிவிட்டது. "பேருதான் ஐஸ். அந்தம்மா இதுவரைக்கும் யாருக்கும் ஐஸ் வெச்சதில்ல" என்று ஒருவர் சொன்னாராம். அதைக் கேட்டு அவரே சிரித்துக்கொண்டு வந்து எங்களிடம் சொன்னார்.

எனக்கு அவர் அண்ணி. கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குப் போனபோது, நாத்தனாரோடு ஒரே வீட்டில் குடித்தனமா என்று என் பக்கத்து உறவுகள் உச்சுக் கொட்டினார்கள். நடந்தது வேறு. காலையில் அவர் கிளம்பும்போது நான் குளித்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் துணி வெட்டும் பட்டறையிலிருந்து நான் திரும்பும்போது அவர் வந்திருக்க மாட்டார். சண்டை போடக்கூட நேரம் வாய்க்கவில்லை. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது துருவித் துருவிக் கேட்டால், "நான் போயிட்டா எலிக்கெல்லாம் யாரு சாப்பாடு வைப்பா?" என்பார். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார்.

அவருடைய துறை நோயெதிர்ப்பியல். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பு, ஆள் தெரியாமல் தன்னையே அடித்துக்கொள்ளும் நோய்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றைத்தான் அவர் ஆராய்ந்தார். குறிப்பாக மூட்டுகளை. முப்பது வயது தாண்டிய புதிதில், ஒரு தோழியோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை ஒன்று பெரிய ஆய்விதழில் வந்தது. வாதம் வந்து வீங்கிய மூட்டுக்குள் ஒரு வகை இரத்த அணு கூடுகிறது, அதன் மேல்பரப்பில் ஒரு குறிப்பிட்ட புரதம் நிறைய இருக்கிறது, அதுதான் வீக்கத்தைக் கிளப்புகிறது என்பது அதன் சாரம். அந்தப் புரதத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் பயன்படுத்தியது ஓர் ஆன்டிபாடி. தனக்குரிய புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டு, கருவியில் பார்த்தால் மினுங்கும் பொருள் அது. அந்தக் காலத்தில் விலைக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான்.

கட்டுரை ஓடியது. ஒருவர் எழுதியதை இன்னோர் ஆய்வாளர் தம் கட்டுரையில் சான்றாகக் காட்டினால் அது ஒரு மேற்கோள். அண்ணியின் மற்றக் கட்டுரைகளுக்கெல்லாம் பத்தும் இருபதுமாக வந்தால், இந்த ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் வந்தது. நிரந்தர வேலை, சொந்த ஆய்வுக்கூடம், வெளியூர் அழைப்புகள் எல்லாம் அதன் தோளில் ஏறித்தான் வந்தன. என் கணவர் அந்த எண்ணிக்கையை இணையத்தில் பார்த்துப் பார்த்து, விளையாட்டு ஸ்கோர் சொல்வதுபோலச் சாப்பாட்டு மேசையில் அறிவிப்பார்.

"அக்கா, இந்த வாரம் ஒம்பது ஏறியிருக்கு."

"சோறு ஆறுது, சாப்பிடுடா" என்பார் அண்ணி. ஆனால் காது அங்கேதான் இருக்கும்.

மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாட்களில் எனக்கு முடக்குவாதம் வந்தது. முதலில் விரல் கணுக்கள். காலையில் கை மடங்காது. பிறகு மணிக்கட்டு, முழங்கால். கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாமல் பட்டறை வேலையை விட்டேன். கிடைத்த மருந்துகளில் ஒன்று வயிற்றைக் கெடுத்தது, ஒன்று கொஞ்ச நாள் கேட்டுவிட்டுக் கைவிரித்தது. அண்ணி என் கையை எடுத்துக் கணுக் கணுவாகத் தடவிப் பார்ப்பார். அவர் ஆராய்ந்துகொண்டிருந்த நோயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது என்பதில் அவருக்கு ஏதோ வெட்கம் இருந்ததுபோல எனக்குத் தோன்றும்.

அப்போதுதான் எங்கள் ஊர்ப் பெரிய மருத்துவமனையில் ஒரு புதுச் சோதனை தொடங்கப்போகிறது என்ற செய்தி வந்தது. வேறொரு நோய்க்காக முன்பே செய்து வைத்திருந்த ஊசி மருந்து அது. அண்ணியின் கட்டுரை சொன்ன அதே புரதத்தை அடைக்கக்கூடியது. முடக்குவாதக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். நான் பெயர் கொடுத்தேன். இரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், தேர்வாகிவிட்டேன் என்றார்கள். அன்றைக்கு என் கணவர் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். "எங்க அக்கா கண்டுபிடிச்சதை வெச்சே என் பொண்டாட்டிக்கு வைத்தியம். இது மாதிரி யாருக்கு அமையும்?" என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். குணமான கையோடு பட்டறைக்குத் திரும்பிப் போகும் நாளை நான் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் அண்ணி ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். அங்கே அவர் பேசி முடித்ததும் வேறு நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றைச் சேர்ந்த பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து, தனியாகப் பேசலாமா என்று கேட்டிருக்கிறாள். அந்தப் புரதமே உண்டாகாதபடி மரபணுவை நீக்கிய எலிகளை அவர்கள் வளர்த்திருந்தார்கள். அந்த எலிகளின் அணுக்களில் அண்ணியின் ஆன்டிபாடியைப் போட்டால் எதுவும் மினுங்கக் கூடாது. மினுங்குகிறதாம். "நாங்கதான் எங்கயோ தப்பு பண்றோம் போல மேடம். எங்கன்னு சொல்லுங்க" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது நான் பார்த்ததெல்லாம், அவர் வாய் திறக்காமல் வளையவந்ததைத்தான். அந்த எலிகளை வரவழைத்தார். யாரிடமும் கொடுக்காமல் தானே செய்தார். ஒரு முறை செய்து நம்பாமல், எது எந்த எலியுடையது என்று தனக்கே தெரியாதபடி வேறு ஆளைக் கொண்டு குழாய்களின் அடையாளத்தை மறைக்கச் சொல்லி மறுபடி செய்தார். எல்லா முறையும் மினுங்கியது. புரதமே இல்லாத இடத்தில் அந்த ஆன்டிபாடி வேறு எதிலோ போய் ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை காலமாக அவர்கள் பார்த்தது அந்த வேறு எதையோதான்.

ஒரு காலை நான் சமையலறையில் பாட்டில் மூடி ஒன்றைத் துணி சுற்றித் திருகிக்கொண்டிருந்தேன். அண்ணி உள்ளே வந்து, கையிலிருந்து வாங்கித் திறந்து வைத்தார். போகவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீ அந்தச் சோதனைல சேர வேண்டாம்மா."

"ஏன் அண்ணி? அடுத்த வாரம் முதல் ஊசின்னு சொல்லிட்டாங்களே."

"அது உனக்குக் கேக்காது. யாருக்கும் கேக்காது. நான் எழுதினது தப்பு."

எனக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எலி, ஆன்டிபாடி, புரதம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த மருந்து வீக்கத்தைக் குறைக்கப்போவதில்லை, ஆனால் தொற்றை எதிர்க்கும் வேலையில் அந்தப் புரதத்துக்கு உண்மையிலேயே பங்கு உண்டு, அதை அடைத்தால் சாதாரண நிமோனியாகூட ஆளைச் சாய்த்துவிடலாம் என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை வருஷம் அது சரின்னுதானே உலகம் பூரா சொல்லிச்சு? என் முறை வரும்போதுதான் தப்பாப்போச்சா? ஒரு ஊசியாவது போட்டுப் பாக்குறேனே அண்ணி. உங்களுக்குக் கை நல்லா இருக்கு, நீங்க சொல்லுவீங்க."

அவர் எழுந்து, நான் திறக்க முடியாமல் வைத்திருந்த இன்னும் இரண்டு மூடிகளைத் திறந்து, லேசாக மூடி வைத்துவிட்டுப் போனார். நான் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. என் கணவர் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மகளோடு மாடியிலேயே இருந்தார்.

கட்டுரையை முழுதாகத் திரும்பப் பெறுவது என்று அண்ணி முடிவெடுத்தார். இன்னார் எழுதிய இதை இனி நம்ப வேண்டாம் என்று ஆய்விதழே அறிவிப்பது அது. அதற்கு, உடன் எழுதிய தோழியின் கையெழுத்தும் வேண்டும். அந்தத் தோழி இதற்குள் வேறு ஊரில் பெரிய நிலையம் ஒன்றின் இயக்குநராகிவிட்டார். போனில் பேசிச் சரிவராமல், காரை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இளவயதில் இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். வந்தவர் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"யாராவது உன்னைக் கேட்டாங்களா? ஒரு பொண்ணு காதுல வந்து சொன்னான்னு, நீயா போய்ப் புத்துக்குள்ள கையை விடுவியா?"

"அவ சொன்னதுக்காக இல்ல. நானே செஞ்சு பாத்தேன். நீயும் செஞ்சு பாரு. எலி அனுப்புறேன்."

"நாம பொய் சொல்லலடி. அன்னைக்கு இருந்த ஆன்டிபாடி அதுதான். அன்னைக்கு யாரு செஞ்சிருந்தாலும் அதேதான் வந்திருக்கும்."

"பொய்னு நான் சொல்லலையே. தப்புன்னுதான் சொல்றேன்."

"அப்போ ஒரு திருத்தம் போடு. இன்ன படத்துல சந்தேகம் இருக்குன்னு நாலு வரி. அதோட முடிஞ்சுது. எதுக்கு மொத்தத்தையும் வாபஸ் வாங்கணும்? என் கிட்ட வேலை பாக்குற பிள்ளைங்க அத்தனை பேரோட ஆய்வும் அந்தப் புரதத்து மேலதான் நிக்குது. அவங்க தெருவுல நிக்கணுமா?"

"தலைப்புலயே தப்பு இருக்கு. எந்தப் படத்தைத் திருத்தறது?"

நான் தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். மணிக்கட்டு நடுங்கியதில் தட்டில் கொஞ்சம் சிந்திவிட்டது. தோழி என் கையைப் பார்த்தார். சட்டென்று அண்ணியிடம் திரும்பி, "இதோ, உன் வீட்டுலயே ஒருத்தி இப்படிக் கெடக்கறா. இவளுக்குக் கிடைக்கிற ஒரு வாய்ப்பையும் கெடுக்கணுமா? இவ நம்பிக்கைல மண்ணை அள்ளிப் போடறியே, மனசு வருதா?" என்றார்.

நான் சமையலறையில் அண்ணியிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து, அதுவும் என்னைக் கறிவேப்பிலை போல எடுத்துப் போட்டுப் பேசியபோது, எனக்கு வேறு மாதிரி கேட்டது.

"என்னை நடுவுல இழுக்காதீங்க. எனக்கு ஊசி போடறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. போட்டு, நான் படுத்ததுக்கப்புறம் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்?" என்றேன்.

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். தேநீரைத் தொடாமலே தோழி எழுந்து போனார். அவர் கையெழுத்துப் போடவில்லை. பல மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு, ஆசிரியர்களில் ஒருவர் உடன்படவில்லை என்ற குறிப்போடு ஆய்விதழ் அறிவிப்பை வெளியிட்டது. கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே சிவப்பு எழுத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று அச்சாகியது. அண்ணி மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டதால் சோதனை ஓர் ஊசிகூடப் போடாமல் நின்றுபோனது. என்னைப் போலத் தேர்வாகியிருந்தவர்களில் ஒருவரின் மகன் ஆய்வு நிலையத்துக்கே வந்து வரவேற்பறையில் நின்று கத்தினான். அண்ணி போய் அவன் முன்னால் உட்கார்ந்து, அவன் கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் அவர் துறைத் தலைவர் பதவிக்கு வர வேண்டியது. எல்லோரும் கிட்டத்தட்ட உறுதி என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். தேர்வுக் குழு அவருடைய வெளியீடுகளை மறுபடி எடை போட்டது. பெரிய கட்டுரையை எடுத்துவிட்டால், மேற்கோள் கணக்கில் அவர் இருந்த இடம் மளமளவென்று கீழே இறங்கிவிட்டது. பதவி அவருக்குப் பல வருடம் இளையவர் ஒருவருக்குப் போனது. முதல் ஆளாகப் போய்க் கைகொடுத்தவர் அண்ணிதான் என்று அந்த இளையவரே பின்னால் எங்களிடம் சொன்னார். நடைபாதையில் சிலர் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்துவார்களாம். தப்பு செய்ததற்கா, அதைச் சொன்னதற்கா என்று அவருக்கே தெரியவில்லை. என் கணவர் சாப்பாட்டு மேசையில் எண்ணிக்கை சொல்வதை விட்டுவிட்டார். அந்த அமைதி எங்களுக்குப் பழகச் சில காலம் ஆனது.

அண்ணி அதோடு விடவில்லை. அந்த ஆன்டிபாடி உண்மையில் எதில் ஒட்டியது என்று தெரிந்தாக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். கருத்தரங்கில் சந்தித்த அந்தப் பெண்ணையும் சேர்த்துக்கொண்டு, கிடைத்த சின்னச் சின்ன நிதியில் வருடக்கணக்கில் வேலை செய்தார். கடைசியில் ஆள் அகப்பட்டது. மூட்டுக்குள் இறந்துகொண்டிருக்கும் அணுக்களின் மேல் தோன்றும் வேறொரு புரதம். வீக்கத்தைக் கிளப்புவது அது இல்லை, வீங்கிய இடத்தில் மிஞ்சும் குப்பை. இதை ஒரு சின்ன ஆய்விதழில் எழுதினார். வந்த மேற்கோள்களைக் கை விரலிலேயே எண்ணிவிடலாம். மடங்காத என் விரல்களே போதும்.

ஆனால் பழைய கட்டுரை சாகவில்லை. சிவப்பு எழுத்தைப் பார்க்காமலே, வேறு எங்கோ படித்ததை வைத்து, ஆட்கள் அதைச் சான்று காட்டிக்கொண்டே இருந்தார்கள். யாராவது காட்டியிருப்பது கண்ணில் பட்டால் அண்ணி அவர்களுக்குத் தன்மையாக ஒரு மின்னஞ்சல் எழுதுவார். சிலர் நன்றி சொல்வார்கள். பெரும்பாலோர் பதிலே போட மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த நான் கேட்டேன்.

"கஷ்டமா இல்லையா அண்ணி?"

"இருக்கு. செத்தவங்க பேரு வாக்காளர் பட்டியல்ல இருக்கிற மாதிரி இது கெடந்து ஓட்டு வாங்கிட்டே இருக்கு" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கொஞ்சம் கழித்து, "எனக்குப் பிடிச்ச கட்டுரை அது. அதான் கஷ்டம். அந்த வயசுல, முதல் முதலா அது மினுங்கினதைப் பாத்து ரெண்டு பேரும் இருட்டறைல கட்டிப் பிடிச்சுக்கிட்டோம். அந்தச் சந்தோஷம் நிஜம்தானே? அதை எங்க கொண்டுபோய் வெக்கறது?" என்றார்.

நான் மடித்த துணிகளில் அவருடையதைத் தனியாக எடுத்து வைத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸுக்கு நான்தான் கூடப் போவேன். ஊசி குத்த வரும் செவிலியரிடம், எந்தக் கையில் எந்த நரம்பு நன்றாகக் கிடைக்கும் என்று ஏதோ அடுத்தவர் கையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். போன வருடம் மழைக்காலத்தில், மருத்துவமனையிலேயே, தூக்கத்தில் போய்விட்டார். அதற்கு முந்தின சாயங்காலம் என் கையை வாங்கி, வழக்கம்போலக் கணுக்களைத் தடவிப் பார்த்து, "இப்போ போடற மருந்து கொஞ்சம் கேக்குது போல" என்றார். கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர் துறையோடு சம்பந்தமே இல்லாத யாரோ கண்டுபிடித்த மருந்து அது.

ஆய்வு நிலையத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அதற்கு முன் ஓர் இரங்கல் குறிப்பை அச்சிட எழுதி, சரிபார்க்கச் சொல்லி எங்களுக்கு அனுப்பினார்கள். என் கணவருக்குப் படிக்க முடியவில்லை, கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் படித்தேன். பிறந்த வருடம், படித்த இடம், கட்டுரைகளின் எண்ணிக்கை எல்லாம் சரி. அதற்கடுத்த வரியில், அவருடைய ஆய்வுகள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றுள்ளன என்று பெருமையாக எழுதியிருந்தது.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். குறிப்பை எழுதியவரே எடுத்தார். நல்ல மனிதர், குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"அந்த மேற்கோள் கணக்குல, வாபஸ் வாங்கின கட்டுரையும் சேந்திருக்குங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா, கம்ப்யூட்டர் மொத்தமாத்தான் காட்டும். யாரும் அதைப் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க."

"அதை எடுத்துட்டுப் போடுங்க."

அவர் தயங்கினார். "எடுத்தா ரொம்பக் குறைஞ்சு போயிடும்மா. வர்றவங்க எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க. இந்த நேரத்துல எதுக்கு..."

"குறைஞ்சா குறையட்டும். இருந்திருந்தா அவங்களே உங்களுக்குப் போன் பண்ணியிருப்பாங்க."

அவர், "பண்ணியிருப்பாங்கதான்" என்றார்.

புதிதாக அச்சான குறிப்பில் எண்ணூற்றுச் சொச்சம் என்றிருந்தது. அண்ணியின் வயதுக்கும் உழைப்புக்கும் அது கம்மிதான் என்று கூட்டத்தில் பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. துறைத் தலைவர் பேசினார். அந்த வெளிநாட்டுப் பெண் திரையில் தோன்றிப் பேசத் தொடங்கி, அழுது, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

தோழியும் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்து, ஒரு கைத்தடியோடு. எங்கள் வீட்டிலிருந்து எழுந்து போன நாளுக்குப் பிறகு அண்ணியும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் கலையும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கையை எடுத்து, அண்ணி செய்வது போலவே கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். வலிக்கிறதா, என்ன மருந்து, எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று கேட்டார். சொன்னேன். கடைசி நாட்களில் அண்ணி சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்டார். அதையும் சொன்னேன். மடியில் கிடந்த இரங்கல் குறிப்பை எடுத்து, கண்ணுக்கு அருகில் வைத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தார். எண்ணூற்றுச் சொச்சம் என்ற அந்த வரியில் அவர் பார்வை நின்றதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

கட்டுரையைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. படியிறங்க அவருக்குக் கை தேவைப்பட்டது. என் கையும் அப்படி ஒன்றும் உறுதியானதில்லை. இருந்தாலும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, அவரைக் காரில் ஏற்றிவிட்டு வந்தேன்.